டெல்வின் ஊரின் வேக மேம்பாட்டுத் திட்டம்

பிள்ளைகள் விளையாடினால் விளையாட்டு கெட்டுப்போகும் என்னும் பேருண்மையை உலகிலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்து, தீர்மானம் போட்டு, நடைமுறைக்கும் கொண்டுவந்த பெருமை சஸ்காட்செவான் மாகாணத்து டெல்வின் ஊரையே சேரும். மற்ற ஊர்க்காரர்கள் கேட்டுப் பொறாமைப்படலாம். படட்டும். பக்கத்து ராஸ்மோர்க்காரர்கள் ஏற்கெனவே படுகிறார்கள் என்று டெல்வினில் பேச்சு.

இந்தக் கண்டுபிடிப்பின் தந்தை டுவேன் பிலிப்சுக். பிழைப்புக்குப் பயிர்க் காப்பீடு விற்கிறார். ஆனால் தொழில் என்ன என்று யாராவது கேட்டால், "பதின்மூன்று வயசுக்குட்பட்டோர் ஐஸ் ஹாக்கி அணியின் தலைமைப் பயிற்சியாளர்" என்பார். அதற்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத வேலை என்பதால் அவரை யாரும் வேலையை விட்டு நீக்கவும் முடியாது.

அவர் மகள் கென்ட்ராவும் அதே அணியில்தான் ஆடினாள். நவம்பர் பிறந்து ஊர் உறைந்ததும் ஒரு சனிக்கிழமை டுவேன் தம் பிக்கப் வண்டியில் வந்துகொண்டிருந்தபோது, தானியக் கிடங்குக்குப் பின்னால் இருந்த குட்டையில் அந்தக் கொடுமையைக் கண்டார். ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் மட்டைகளை நடுப்பனியில் குவியலாகப் போட்டிருந்தார்கள். ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மட்டையை இந்தப் பக்கம், ஒரு மட்டையை அந்தப் பக்கம் என்று வீசினான். யார் மட்டை எந்தப் பக்கம் விழுந்ததோ அவன் அந்த அணி. முடிந்தது. தேர்வுக் குழு இல்லை, திறனாய்வு இல்லை, ஒரு பெற்றோர்கூட அழவில்லை. இப்படியும் அணி பிரிப்பார்களா!

ஆட்டம் அதைவிட மோசம். பத்து வயசுப் பயலும் பதினஞ்சு வயசுப் பெண்ணும் ஒன்றாக ஆடினார்கள். பூட்ஸ்கள்தான் கோல் கம்பம். மட்டையால் பனியைத் தட்டி "எனக்கு, எனக்கு!" என்று கத்தினார்கள். கென்ட்ரா இரண்டு தடியன்களுக்கு நடுவே புகுந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் ரப்பர் வட்டைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டாள். அது கோல்பி என்கிற சிறுவனின் மட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. கோல்! எல்லாரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து சிரித்தார்கள்.

வண்டிக்குள் இருந்த டுவேனுக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்து போயிற்று. என் பிள்ளை, என் பிள்ளை என்று ஸ்டியரிங்கைக்கூடத் தட்டினார். உடனே சுதாரித்துக்கொண்டார்.

"யாரு சொல்லிக் குடுத்தா அந்த பாஸ?" என்று வீட்டுக்கு வந்ததும் விசாரணை தொடங்கியது.

"யாரும் இல்லப்பா. சும்மா வந்துச்சு."

"சும்மா வந்துச்சா?"

"கோல்பி தட்டுனான். கேட்டுச்சு. தள்ளினேன்."

"சும்மா வந்தது சும்மாவே போயிடும் கண்ணு. அப்பா இருக்கேன், பயப்படாத."

அவள் பயப்படவே இல்லை. பயந்தது அவர்தான். அந்தப் பாஸ் போய்விட்டால்? பிள்ளைக்கு ஆட்டமே வேண்டாம் என்று ஆகிவிட்டால்? பனிக்காலத்தில் ஹாக்கி ஆடாத மகளை வைத்துக்கொண்டு டெல்வினில் எப்படித் தலைநிமிர்ந்து காபி குடிப்பது?

அடுத்த வாரமே ரெஜைனா நகரத்து ஹோட்டல் ஒன்றில் நடந்த "வேக மாநாட்டுக்கு"ப் போனார். போனவர் ஒரு காப்பீட்டு முகவர். திரும்பி வந்தவர் ஒரு விஞ்ஞானி. வண்டியின் பின்புறம் முழுக்க ஆரஞ்சு நிறக் கூம்புகள், இடுப்பில் கட்டும் ரப்பர் பட்டைகள், குட்டிக் குட்டிப் பாராசூட்டுகள், ஒரு வெள்ளைப் பலகை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேகமானி. சுவரில் மாட்டிவிட்டால் போதும். எதிரே வருகிறவர்களின் வேகத்தை அதுவே அளந்து, அன்றைய உச்ச வேகத்தை டுவேனின் போனுக்கு அனுப்பிவிடும்.

ஐஸ் அரங்கத்தின் மாடியில் ஊர் ஹாக்கிச் சங்கக் கமிட்டி கூடியது. தலைவர் கிளெண்டா ஃப்ரீசன். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். தும்மினால்கூட வழிமொழிய ஆள் தேடுகிறவர். துணைப் பயிற்சியாளர் லோர்ன் கடுகு விவசாயி. குளிர்காலத்தில் அவருக்கு வாயைத் தவிர வேறு வேலை இல்லை.

"ஏம்ப்பா டுவேன், பசங்களுக்குப் பாராசூட்டு எதுக்கு? ஏரோப்ளேன்ல இருந்து தள்ளிவிடப் போறியா?"

"எதிர்விசைப்பா. பின்னால இழுத்தா முன்னால வேகம் வரும்."

"என் பழைய டிராக்டர் பாதி வாழ்க்கை பின்னால இழுத்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஒண்ணும் வரல."

"லோர்ன், குறுக்கே பேசாதீங்க," என்றார் கிளெண்டா. "நகைச்சுவையைக் குறிப்பில் சேர்க்க இயலாது."

திட்டம் நிறைவேறியது. அதன் சிறப்புகளைச் சும்மா சொல்லக் கூடாது. மட்டையைப் பனியில் தட்டி வட்டைக் கேட்கும் பழக்கம் அன்றோடு தடை செய்யப்பட்டது. அது "முறைசாரா ஓசை". பயிற்சியின் கடைசியில் பிள்ளைகள் ஐந்து நிமிஷம் ஆடித் தீர்க்கும் வழக்கமும் நின்றது. ஏனென்றால் அதை எதைக்கொண்டும் அளக்க முடியாது. பயிற்சி நேரத்தில் சிரிப்பைக் குறைத்துக்கொள்ளும்படி "அறிவுறுத்தப்பட்டது". கோல் காக்கும் கோலி மட்டும் முகமூடிக்குள் சிரிக்கலாம் என்று லோர்ன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வழிமொழிய ஆளில்லாமல் அது விழுந்துவிட்டது.

திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது. வாடகைக்கு எடுத்த ஒரு மணி நேரப் பனியில் பாதி நேரம் வெள்ளைப் பலகைக்கு. டுவேன் விசில் ஊதினால் எல்லாரும் ஓடிவந்து பலகைக்கு முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார வேண்டும். அவர் அம்புக்குறி போடுவார். அம்புக்குறிக்கு மேல் அம்புக்குறி போடுவார். பிறகு எதுவும் தெரியாமல் போய், அழித்துவிட்டு முதலில் இருந்து போடுவார். பிள்ளைகளின் முழங்கால்கள் பனியோடு ஒட்டிக்கொள்ளும்.

மீதிப் பாதி நேரம் வரிசைக்கு. "இரண்டாம் நிலைக் குறுக்கடி மேம்பாடு" என்றால், பாராசூட்டைக் கட்டிக்கொண்டு காலைக் குறுக்கே குறுக்கே வைத்து வட்டத்தைச் சுற்றி வருவது. ஒருத்தர் சுற்றுவார், பதினான்கு பேர் மூலையில் நின்று மூக்கைத் துடைப்பார்கள். "உடனடிப் பரிமாற்றம்" என்றால், கூம்புகளுக்கு ஊடே வளைந்து வளைந்து வந்து வட்டை டுவேனிடம் தள்ள வேண்டும். அவர் திருப்பித் தள்ளுவார். மறுபடி அவரிடமே தள்ளிவிட்டு வரிசைக்குப் போய்விட வேண்டும். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு வட்டைக் கொடுத்தால் தவறு நேரும் அல்லவா? டுவேனுக்குக் கொடுத்தால் தவறே நேராது. மாநாட்டில் இதற்கு "நம்பகமான பெறுநர்" என்று பெயர்.

கோல்பிக்குத்தான் பொறுக்கவில்லை.

"கோச், நாம எப்ப ஆடுவோம்?"

"இப்ப ஆட்டத்தைக் கத்துக்கறோம்டா."

"கத்துக்கிட்டு?"

"கத்துக்கிட்டத மேம்படுத்துவோம்."

"மேம்படுத்திட்டு?"

"வரிசைல போய் நில்லு."

கென்ட்ரா ஒருநாள் மறந்துபோய் மட்டையைத் தட்டிவிட்டாள். இரண்டே தட்டு. டுவேன் விசில் ஊதினார். "யாரு அது?" என்றார். தன் மகள் என்று தெரிந்ததும் நியாயம் தவறக் கூடாதென்று மற்றவர்களைவிட இரண்டு சுற்று கூடுதலாக ஓடவிட்டார். பாராசூட்டோடு. அடேயப்பா, என்ன நேர்மை!

பலனும் கைமேல் கிடைத்தது. வேகமானி பொய் சொல்லுமா? நவம்பரில் இருந்ததைவிட டிசம்பரில் உச்ச வேகம் கூடியிருந்தது. டிசம்பரைவிட ஜனவரியில் இன்னும் அதிகம். ஒரு வாரம்கூடச் சறுக்கல் இல்லை. டுவேன் சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு அந்தக் கோடு மேலே மேலே ஏறுவதைப் பார்த்தபடியே உருளைக்கிழங்கை மென்றார். காபிக் கடையில் எல்லாருக்கும் காட்டினார். பயிருக்குக் காப்பீடு வாங்க வந்த கிழவர் ஒருவர், "இது கோதுமை விலையா?" என்று ஆசையாகக் கேட்டு ஏமாந்துபோனார்.

பிப்ரவரியில் ராஸ்மோரோடு ஆட்டம். ராஸ்மோர்ப் பயிற்சியாளரை டெல்வினில் யாரும் மதிப்பதில்லை. பயிற்சிக்கு வந்தால் வட்டைப் பனியில் விட்டெறிந்து, "ஆடுங்க பிள்ளைங்களா" என்று சொல்லிவிட்டு, காபியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நிற்கிற ஆள். ஒரு கூம்புகூடச் சொந்தமாகக் கிடையாது. பாவம் அந்தப் பிள்ளைகள் என்று டுவேன் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஆட்டம் தொடங்கியதும் வட்டு கோல்பிக்குக் கிடைத்தது. இல்லாத கூம்புகளுக்கு ஊடே வளைந்து வளைந்து, பார்க்கக் கண்கொள்ளாத அழகோடு அவன் முன்னேறினான். எதிரணி கோலுக்கு முன்னால் கென்ட்ரா தனியாக, ஒரு காவலும் இல்லாமல் நின்றாள். தட்டக் கூடாது என்பதால் தட்டவில்லை. கண்ணை மட்டும் அகல விரித்துப் பார்த்தாள். கோல்பி அவளையும் பார்த்தான், கோலையும் பார்த்தான். பிறகு சட்டென்று திரும்பி, வட்டைத் தன் பெஞ்சை நோக்கி, டுவேனின் நெஞ்சுக்கு நேராக அடித்தான். அது பெஞ்சுக்கு முன்னால் இருந்த தடுப்புப் பலகையில் டமாரென்று மோதியது.

"சபாஷ்!" என்று டுவேன் பழக்கதோஷத்தில் கத்திவிட்டார்.

கோல்பி நிம்மதியாக மூலைக்குப் போய் வரிசையில் நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன் வந்து நின்றான். ராஸ்மோர்க்காரர்கள் முதலில் இது ஏதோ சூழ்ச்சி என்று தயங்கினார்கள். பிறகு கோல் போட்டார்கள்.

நடுவர் டுவேனிடம் வந்தார். "ஏங்க, உங்க பசங்க அந்த மூலைல என்ன பண்றாங்க?"

"அவங்க முறைக்காகக் காத்திருக்காங்க."

"யாரு குடுப்பா முறைய?"

நடுவர் ஆட்டத்தைத் தொடங்கினார். சற்று நேரத்தில் ஏதோ தப்புக்கு விசில் ஊதினார். அவ்வளவுதான். டெல்வின் அணி முழுவதும், கோலி உட்பட, பாய்ந்து வந்து டுவேனுக்கு முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டது. பார்க்க ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனை மாதிரி இருந்தது. நடுவர் முதல் தடவை பொறுத்தார், இரண்டாம் தடவை பொறுத்தார், மூன்றாம் தடவை அவர்களுக்காகக் காத்திராமல் வட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். ராஸ்மோர்ப் பையன் ஒருவன் காலிக் கோலுக்குள் வட்டைத் தள்ளிவிட்டு, கூச்சப்பட்டுக்கொண்டு திரும்பிப் போனான்.

பதினாலுக்குப் பூஜ்யம். ஆனால் டெல்வின் பிள்ளைகளின் முழங்கால் ஊன்றும் வேகத்தை ராஸ்மோரால் நெருங்கக்கூட முடியவில்லை.

"நல்லாத்தான் கும்பிடுறாங்க," என்றார் லோர்ன்.

வீடு திரும்பும்போது வண்டிக்குள் ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் ஆட்டத்தைவிட ஆட்டம் முடிந்த பிறகு வரும் இந்த வண்டிப் பயணம்தான் பிள்ளைகளுக்கு அதிக நீளம். டுவேன் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"மூணாவது கோலப்ப உன் இடது கால் ஸ்கேட் விளிம்பு..."

"அப்பா, அடுத்த வருஷம் நான் ஆடல."

டுவேன் வண்டியை மெதுவாக்கினார். சாலையில் எதுவும் இல்லை, வெறும் வெள்ளை.

"என்னது?"

"பேர் குடுக்காதீங்க. நான் ஆடல."

"ஒரு தோல்விக்கா? கண்ணு, வேகம் எவ்ளோ கூடியிருக்கு தெரியுமா உனக்கு?"

"தோத்ததுக்கு இல்லப்பா. குட்டைல எத்தனையோ தடவ தோத்திருக்கேன். தோத்துட்டு உடனே இன்னொரு தடவ ஆடுவோம்." அவள் கண்ணாடியில் நகத்தால் கோடு கிழித்தாள். "ஐஸ் ரிங்க்ல நான் ஆடவே இல்ல. நிக்கிறேன்."

"அப்ப... என்னதான் வேணும் உனக்கு?"

"ஒரே ஒரு நாள். ஒரு பயிற்சி. மட்டையெல்லாம் நடுவுல போட்டு, நீங்க வீசிப் பிரிச்சு விடுங்க. அப்புறம் விசில பாக்கெட்ல வச்சுக்கங்க. அவ்ளோதான். அது நடந்தா நான் ஆடறேன்."

"நான் வீசணுமா?"

"நீங்கதான். கண்ண மூடிக்கிட்டு."

உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த நிமிஷத்தில் அவருக்கு அது ஆசையாக இருந்தது. அவரும் ஒரு காலத்தில் அப்படி வீசியவர்தானே. கேட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னார். "சரி" என்று சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அதிகாரத்தில் இருப்பவர்கள் அப்படியெல்லாம் "சரி" சொல்லிவிடக் கூடாது.

கமிட்டியில் கேட்டார்.

"ஒரு நாள் மட்டும் பிள்ளைங்கள சும்மா ஆட விடலாமான்னு..."

"சும்மா என்றால்?" என்றார் கிளெண்டா, பேனாவை நிறுத்தி. "எந்தத் திறனை மேம்படுத்துவதற்கு?"

"எதுவும் இல்லாம. சும்மா."

"எதுவும் இல்லாமல் ஒரு மணி நேர ஐஸா? டுவேன், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

விஷயம் ஆராய்ச்சிக்காகத் துணைக்குழு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. துணைக்குழுவின் தலைவராக, விஷயம் தெரிந்தவர் என்ற முறையில், டுவேனே நியமிக்கப்பட்டார். அவர் இரண்டு வாரம் தீர யோசித்தார். தந்தை டுவேனின் கோரிக்கை திட்டத்தின் அடிப்படைக்கே எதிரானது என்று தலைவர் டுவேன் கண்டறிந்து, வருத்தத்துடன் நிராகரித்தார். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காத மனிதர்.

மார்ச் முடிவில் பருவ நிறைவு விருந்து. அரங்கத்து மாடியில் உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டைகளிலும் முட்டைக்கோஸ் சுருள்களிலும் ஆவி பறந்தது. பெற்றோர்கள் பீரோடும் பிள்ளைகள் சிவப்பு சர்பத்தோடும் உட்கார்ந்திருந்தார்கள். அணி ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. ஆகவே அன்றைய கூட்டத்துக்கு "வெற்றி விழா" என்று பெயர் வைக்கப்பட்டிருந்தது.

டுவேன் திரையில் அந்தக் கோட்டைப் போட்டார். நவம்பரில் தரையோடு கிடந்து, வாரம் தவறாமல் ஏறி, மார்ச்சில் கூரையைத் தொட்டது. கூட்டம் "ஓ" என்றது.

"ஸ்கோர் பொய் சொல்லும்," என்றார் டுவேன். "இது பொய் சொல்லாது. இதுல உச்ச வேகம் யாருதுன்னு அந்த மிஷின்லயே இருக்கற கேமராவுல பாத்தேன். நானே எதிர்பார்க்கல. என் மக. கென்ட்ரா, வாம்மா."

கென்ட்ரா வந்தாள். பதக்கத்தைக் கழுத்தில் போட்டார். இனி இவள் எப்படி ஆட்டத்தை விடுவாள்? அவருடைய நம்பிக்கை முழுவதும் அந்தப் பதக்கத்தில்தான் தொங்கியது. மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

"எல்லாருக்கும் சொல்லு கண்ணு. எந்தப் பயிற்சில வந்துச்சு இந்த வேகம்? குறுக்கடியா? பாராசூட்டா?"

கென்ட்ரா திரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். சொல்ல அவளுக்கு விருப்பமே இல்லை; முகத்திலேயே தெரிந்தது.

"பயிற்சில இல்லப்பா. அந்த மிஷின் வெளிய போற கதவு பக்கத்துலதான இருக்கு. பிளக் அங்க மட்டும்தான் இருக்குன்னு நீங்கதான் மாட்டுனீங்க."

"ஆமா?"

"நீங்க, 'இன்னைக்கு இவ்ளோதான்'னு சொல்வீங்கல்ல. அப்ப நாங்க கதவுக்கு ஓடுவோம். அதுதான் அது."

யாரோ முள்கரண்டியைக் கீழே போட்டார்கள். பின்வரிசையில் இருந்து கோல்பி உதவிக்கு வந்தான். "ஆமா கோச். முதல்ல யார் வெளிய போறதுன்னு நாங்க பந்தயமே வச்சோம்!"

டுவேன் திரும்பி அந்தக் கோட்டைப் பார்த்தார். "எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமும்தான்பா," என்றாள் கென்ட்ரா, மெதுவாக. "வாரத்துக்கு வாரம் சீக்கிரமா போகணும்னு இருந்துச்சு."

நெருக்கடியில்தான் தலைமைப் பண்பு தெரியும். கிளெண்டா எழுந்து தொண்டையைச் செருமினார்.

"திசையைப் பற்றிய விவரம் இந்தக் கூட்டத்துக்கு உட்பட்டதல்ல. வேகம் கூடியது உண்மை. எனவே, இந்தத் திட்டத்தை வரும் ஆண்டிலிருந்து கோடைக்காலத்துக்கும், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கும் விரிவுபடுத்த வேண்டும் என்று முன்மொழிகிறேன். ஆதரிப்பவர்கள்?"

பெற்றோர்களின் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. லோர்ன் கையைத் தூக்கவில்லை. பீர் கோப்பையைத்தான் தூக்கினார். கிளெண்டா அதையும் ஆதரவாக எண்ணிக்கொண்டார். பிள்ளைகள் மேல்கோட்டுகளைத் தேடத் தொடங்கினார்கள்.

கென்ட்ரா பதக்கத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கதவுக்குப் போனாள். ஓடவில்லை. கதவருகே நின்று, அப்பா என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள். டுவேனும் அவளைத்தான் பார்த்தார். எல்லாரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. திட்டத்தின் தந்தை கையைத் தூக்காவிட்டால் ஊர் என்ன பேசும்? மகள்மீது இருந்து கண்ணை எடுக்காமலே மெல்லக் கையைத் தூக்கினார்.

தூரத்தில் இருந்து பார்த்தவளுக்கு, அப்பா கையாட்டி வழியனுப்புகிறார் என்று தோன்றியிருக்க வேண்டும். அவளும் ஒருமுறை கையாட்டினாள். திட்டம் ஒருமனதாக நிறைவேறியதாகக் கிளெண்டா அறிவித்தார். ஆறு வயசுப் பிள்ளைகளிடம் இருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை. அவர்கள் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.